பெரியப்பாவின் பழைய ரிசீவரும் புது டிவியும்: 5.1 சத்தத்துக்கு எந்த வழி?

பொங்கலுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புது 4கே டிவி. அதற்குக் கீழே, 2005-இல் பிரான்சிலிருந்து ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்த 5.1 ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடிநாதத்துக்கென்று ஒரு சப்வூஃபர். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு வெள்ளை ஒயர் ஒன்று ரிசீவருக்குப் போனது.

“அஞ்சு பெட்டியிலயும் சத்தம் வருது தம்பி. ஆனா அப்போ டிவிடி போட்டா இருந்த மாதிரி இல்லியே” என்றார். டிவி வாங்கிய கடையில் கேட்டாராம். எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் இணைப்பு) இல்லாத ரிசீவர் இனி எதற்கும் உதவாது, பழைய விலைக்குத் தள்ளிவிட்டு சவுண்ட்பார் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா பாதி மனசு வைத்துவிட்டார்.

அவர் காது சொன்னது சரி. கடைக்காரர் சொன்னதுதான் தவறு. ஹெட்போன் துளையிலிருந்து வருவது இரண்டே சேனல். அதை ஐந்து பெட்டிக்கும் நகல் எடுத்து அனுப்பும் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ முறையில் ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்திலும் சத்தம் வருவது வேறு, ஐந்துக்கும் தனித்தனிச் சத்தம் பிரிந்து வருவது வேறு. மழைக் காட்சியில் மழை பின்னாலும், வசனம் நடுவிலும் இருந்தால்தான் அது சரவுண்ட்.

இந்தப் பிரச்சினை பல வீடுகளில் இருக்கிறது. கடலூரில் என் வீட்டில் வேறு மாதிரி ரிசீவர், ஓ.டி.யில் (கடலூர் ஓல்ட் டவுனில்) என் நண்பன் வீட்டில் இன்னொரு மாதிரி. மூன்று வீட்டிலும் வழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

யார் மொழிபெயர்ப்பது?

வழிகளை ஒப்பிட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அளவுகோல். எச்டிஎம்ஐ வருவதற்கு முந்தைய ரிசீவருக்குத் தெரிந்த மொழிகள் குறைவு: டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி), அப்புறம் சாதாரண அனலாக். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்ற ஓடிடி செயலிகள் 5.1 ஒலியை அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பிந்தைய வடிவத்தில். பெயரில் ஒரு ‘பிளஸ்’ மட்டும் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். பழைய ரிசீவருக்கு அது சுத்தமாகப் புரியாது. ஆக, நடுவில் யாரோ ஒருவர் அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். டிவியா, எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஓடிடி ஸ்டிக்கா, கம்ப்யூட்டரா? இது தெளிந்துவிட்டால் எந்த ஒயர் என்ற குழப்பம் தன்னால் தீரும்.

டிவியிலிருந்து ஆப்டிகல்: முதலில் இதைத்தான் பாருங்கள்

ஆப்டிகல் இணைப்பு, அதாவது டாஸ்லிங்க், 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது. நாற்பது வருடம் தாண்டியும் பெரும்பாலான டிவிகளின் முதுகில் அந்தச் சதுரத் துளை இருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த ரிசீவர் என்றால் அதிலும் அநேகமாக இருக்கும். ஒயர் சில நூறு ரூபாய். செருகும் முன் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. ரொம்ப மடக்கி வளைக்கக் கூடாது.

இந்த ஒயரில் ஒரே நேரத்தில் இரண்டு சேனல் பிசிஎம் போகும், அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 போகும். சுருக்காத ஆறு சேனல் இதில் அடங்காது. புளூரே வட்டுகளில் வரும் தரம் குறையாத ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் போகாது.

வீட்டுக்கு வீடு மக்கள் தடுக்கி விழும் இடம் டிவியின் செட்டிங். ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்’ என்ற இடத்தில் பல டிவிகளில் ‘பிசிஎம்’ என்று இருக்கும். அப்படி இருந்தால் எத்தனை விலை ஒயர் போட்டாலும் ஸ்டீரியோதான். அதை ‘டால்பி டிஜிட்டல்’, ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். சொல் டிவிக்கு டிவி மாறும். மாற்றியதும், டிவிக்குள்ளேயே இருக்கும் ஓடிடி செயலியில் 5.1 என்று குறிப்பிட்ட படத்தை ஓடவிட்டு, ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். ‘டால்பி டிஜிட்டல்’ விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. ‘பிசிஎம்’ என்றே நின்றால் வரவில்லை. காதை நம்பித் தடுமாறுவதைவிட அந்தச் சின்ன விளக்கை நம்பலாம். டால்பி டிஜிட்டல் பிளஸை டால்பி டிஜிட்டலாக மாற்றும் வேலையை இங்கே டிவியே செய்கிறது.

பெரியப்பா வீட்டில் அந்த விளக்கு எரிய ஐந்து நிமிடம் ஆனது. அதில் மூன்று நிமிடம் செட்டிங்கைத் தேடியது.

கடலோர ஊர்க்காரன் என்ற முறையில் ஆப்டிகலுக்கு நான் தரும் இன்னொரு மதிப்பெண்: இதில் மின்சாரம் பாய்வதில்லை, வெளிச்சம்தான் போகிறது. எர்த்திங் சரியில்லாத வீட்டில் அனலாக் ஒயர் போட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கினால் நின்றுவிடும், செருகினால் மறுபடி வரும். ஆப்டிகலில் அந்தத் தொல்லை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் டிவி பக்கம் ஏதாவது அடிபட்டாலும், இந்த ஒயர் வழியாக அது ரிசீவருக்குத் தாவாது.

குறைகளும் உண்டு. சில டிவிகள் தமக்குள் இருக்கும் செயலிகளின் 5.1-ஐ மட்டும் ஆப்டிகலில் விடும். எச்டிஎம்ஐ துளையில் செருகிய ஸ்டிக், செட்டாப் பாக்ஸ் என்றால் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும். டிடிஎஸ் இன்னொரு சிக்கல். சாம்சங் 2018-லிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை நிறுத்தியது. பென்டிரைவில் வைத்திருக்கும் டிடிஎஸ் படம் அதில் சத்தமே இல்லாமல் ஓடினால் ரிசீவரைக் குறை சொல்லாதீர்கள்.

டிவியில் ஆப்டிகலுக்குப் பதில் கோஆக்சியல் என்ற ஒற்றை ஆர்சிஏ துளை (சிவப்பு வெள்ளை ஒயர் செருகும் அதே வட்டத் துளை) இருந்தாலும் கதை இதுதான். அதற்குத் தனி ஒயர் வாங்க வேண்டியதில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ ஒயர் 75 ஓம்தான், அதுவே போதும்.

எக்ஸ்ட்ராக்டர்: டிவி கைவிட்டால்

ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. படம் டிவிக்குப் போகும், சத்தம் ஆப்டிகலாகப் பிரிந்து ரிசீவருக்கு வரும். டிவி 5.1-ஐச் சுருக்குகிறது, அல்லது ஆப்டிகல் துளையே இல்லை என்றால் இதுதான் வழி.

ஆனால் இந்தப் பெட்டி மொழிபெயர்க்காது, பிரித்து மட்டும் கொடுக்கும். ஸ்டிக் டால்பி டிஜிட்டல் பிளஸ் அனுப்பினால் ஆப்டிகலில் ஊமைச் சத்தம்தான். எனவே ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் வெறும் டால்பி டிஜிட்டல் தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆப்பிள் டிவி 4கே-யில் ஒலி வடிவத்தை ‘டால்பி டிஜிட்டல் 5.1’ என்று கட்டாயப்படுத்த முடியும், பழைய ரிசீவர்காரர்களுக்கு அது பெரிய வரம். எக்ஸ்ட்ராக்டரின் பக்கவாட்டில் ‘பாஸ் / 2 சேனல் / 5.1’ என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தால் 5.1-இல் வையுங்கள். 4கே படம் வேண்டுமென்றால் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைத் தாங்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திரை கறுத்துப்போகும், அல்லது படம் 1080-க்கு இறங்கிவிடும்.

இன்னொன்று. இங்கே சத்தம் டிவிக்குள் போகாமல் முன்பே பிரிந்துவிடுகிறது. டிவி படத்தைச் செப்பனிட்டுக் காட்டுவதற்குள் சத்தம் முந்திக்கொள்ளும். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ இருந்தால் சரிசெய்யலாம். ரொம்பப் பழைய மாடல்களில் அது இருக்காது. அதனால்தான் இதை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

எச்டிஎம்ஐ உண்டு, ஏஆர்சி இல்லை

என் வீட்டுக் கதை இது. டிவியின் சத்தத்தை அதே ஒயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி எச்டிஎம்ஐ-யில் வந்தது 2009-இல், 1.4 பதிப்போடு. அதற்கு முந்தைய 1.3 பதிப்பு ரிசீவரில் எச்டிஎம்ஐ உள்ளே வரும், படம் டிவிக்குப் போகும். ஆனால் டிவியின் சத்தம் அதே ஒயரில் திரும்பி வராது. ஏஆர்சி என்று எழுதாத துளையில் எத்தனை முறை செருகினாலும் பலன் இல்லை.

இரண்டு தேர்வு. ஸ்டிக்கை ரிசீவரிலேயே செருகினால் சத்தம் முழுசாகக் கிடைக்கும், படம் 1080-ஓடு நிற்கும். ஸ்டிக்கை டிவியில் செருகி ஆப்டிகலை இழுத்தால் படம் 4கே, சத்தம் டால்பி டிஜிட்டல். நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன். புளூரே பிளேயரை மட்டும் ரிசீவரோடு இணைத்திருக்கிறேன். ட்ரூஎச்டி ஒலித்தடம் அந்த வழியில்தான் முழுசாகக் கேட்கிறது, அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. முதல் தலைமுறை எச்டிஎம்ஐ ரிசீவர் சிலவற்றில் எச்டிஎம்ஐ படத்தை மட்டும் கடத்தும், சத்தத்தைத் தொடவே தொடாது. அப்படிப்பட்டதை வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ-யை மறந்துவிட்டு ஆப்டிகலுக்கு வந்துவிடுங்கள்.

ஆறு ஒயர் வழி

ஓ.டி. நண்பனின் ரிசீவரில் ‘மல்டி சேனல் இன்’ என்று ஆறு ஆர்சிஏ துளைகள். அவன் கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஆடியோ துளைகள். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின்னுக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். 3.5 மி.மீ. பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏ-வாகப் பிரியும் ஒயர் மூன்று வாங்கினால் இணைப்பு முடிந்தது. இங்கே மொழிபெயர்ப்பவர் கம்ப்யூட்டர். விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் எந்த வடிவத்தையும் பிரித்துத் தந்துவிடும், ரிசீவருக்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம். ஃபைலாகப் படம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுதந்திரமான வழி இல்லை. பிரவுசரில் ஓடிடி பார்த்தால் மட்டும் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும்.

பலவீனம் என்னவென்றால், ஆறு துளைகளில் வரும் சத்தத்துக்குப் பல ரிசீவர்கள் ஸ்பீக்கர் தூரக் கணக்கும், அடிநாதத்தைச் சப்வூஃபருக்குப் பிரிக்கும் வேலையும் செய்யாமல் நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தால் அடிநாதம் மெலிந்து கேட்கும். உப்புக்காற்றில் ஆறு துளையும் பச்சை பூத்துப்போகும் என்பது எங்கள் ஊர்க் கஷ்டம். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பின்களைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுவது நல்லது. ஸ்பீக்கர் ஒயரின் செம்பு முனை கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள்.

இரண்டு சேனலை ஐந்தாக்குவது

டால்பி புரோ லாஜிக் 2 என்ற வசதி 2000-க்குப் பிறகு வந்த ரிசீவர்களில் அநேகமாக இருக்கும். ஸ்டீரியோ சத்தத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளைக் கணித்து நடுவுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருவது இது. உண்மையான 5.1-க்கு ஈடாகாது. ஆனால் யூடியூப், டிவி சேனல், பழைய படம் எல்லாவற்றுக்கும் ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’வைவிட நூறு மடங்கு மேல். வசனம் டிவிக்குள்ளிருந்தே வருவது போல நடுவில் நிற்கும். பெரியப்பா பழைய பாட்டு கேட்பவர் என்பதால் ‘மியூசிக்’ முறையில் வைத்துக் கொடுத்தேன். ரிமோட்டில் அந்தப் பொத்தானை இருபது வருடமாக அவர் தொட்டதே இல்லை.

சவுண்ட்பாரா, புது ரிசீவரா?

சவுண்ட்பார் வாடகை வீட்டுக்கு, ஒயர் இழுக்க முடியாத இடத்துக்கு நல்ல பொருள். அதை மறுக்கவில்லை. ஆனால் பின்னால் இரண்டு நிஜ ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கும் வீட்டில், முன்னாலிருந்து சுவரில் மோதவிட்டுச் சுற்றுச் சத்தம் காட்டும் பெட்டியை வாங்குவது இறக்கம்தான். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) வேண்டும், 4கே கேம் விளையாட வேண்டும் என்பவர்களுக்குத்தான் புது ரிசீவர். அப்போதும் ஸ்பீக்கர்களை மாற்ற வேண்டாம், பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

ஞாயிறு காந்தி வீதிச் சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய ரிசீவர் வாங்குபவர்கள் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிரான்ஸ், சிங்கப்பூரிலிருந்து வந்தது 230 வோல்ட், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் சாக்கெட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது.

பெரியப்பா சவுண்ட்பாருக்கு எடுத்து வைத்த பணம் பெரியம்மாவிடம் திரும்பிப் போய்விட்டது. ஒரு குறை மட்டும் மீதி. பின் ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவுக்கு நேர் பின்னால், தரையில் வைத்திருக்கிறார். உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அவை 100 முதல் 120 டிகிரிக்குள், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால் இருக்க வேண்டும், காதைவிடக் கொஞ்சம் உயரத்தில். அடுத்த முறை போகும்போது டிரில் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.