மங்கோலியா போகிறவர்கள் கவனத்துக்கு: 'மேய்ப்பர் குடும்பத்தோடு தங்கல்' என்று காசு பறிக்கிறார்கள்

ஜூலையில் நாதாம் திருவிழா பார்த்துவிட்டு அப்படியே கிராமப்புறம் போகலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

தலைநகர் உலான்பாத்தரில் ஒரு விடுதிக்காரர்களே நடத்தும் டூர் ஏஜென்சி. ஓர்கோன் பள்ளத்தாக்கில் மேய்ப்பர் குடும்பத்தோடு தங்கலாம், யாக் பால் கறக்கலாம், மந்தையோடு குதிரையில் போகலாம் என்றார்கள். ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி உண்டு, பெட்ரோலும் சாப்பாடும் அடக்கம். தலைக்கு நாளொன்றுக்கு 90 டாலர், மொத்தமும் முன்கூட்டியே ரொக்கமாக. கொடுத்த ரசீதில் 'டூர்' என்ற ஒரு சொல்லும் தொகையும்தான் இருந்தன.

கிளம்பும் அன்று காலையில் வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லையாம். டிரைவர் தங்கமான மனிதர், ஆனால் மங்கோலிய மொழியும் கொஞ்சம் ரஷ்ய மொழியும் மட்டுமே தெரியும். ஆறு பேர் என்று சொன்ன ரஷ்ய ஃபுர்கோன் வேனில் எட்டுப் பேர். கார்கோரின் வரை சுமார் 360 கிலோமீட்டர் தார் ரோடு, சமாளித்தோம். அங்கே பெட்ரோல் பங்கில் டிரைவர் எங்களிடம் கையை நீட்டினார். அவரிடம் பாதி வழிக்குத்தான் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் புல்வெளியில் சக்கரத் தடம்தான் சாலை. போய்ச் சேர்ந்த 'குடும்பம்' எப்படி இருந்தது தெரியுமா? வரிசையாகக் கெர் கூடாரங்கள், ஒவ்வொன்றின் கதவிலும் நம்பர். எந்த மேய்ப்பர் தன் வீட்டுக் கதவில் நம்பர் எழுதுகிறார்? கால்நடை என்று பார்த்தால் போட்டோவுக்கு நிறுத்திய ஒரு ஒட்டகமும் இரண்டு கிழட்டுக் குதிரைகளும். ஐராக் என்று குதிரைப்பால் மது ஊற்றினார்கள்; ரோட்டோரத்தில் கேனில் வாங்கி வந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கோடையில் குதிரைப்பால் கறக்கும் வீடென்றால், கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தரையோடு நீளமாக ஒரு கயிறு போகும். அதை 'ஸெல்' என்பார்கள். குட்டிகளை அதில் கட்டிவைத்தால் தாய்க் குதிரைகள் தூரம் போகாமல் சுற்றிச் சுற்றி வரும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறப்பார்கள். நாங்கள் இறங்கிய இடத்தில் அந்தக் கயிறும் இல்லை, குட்டியும் இல்லை.

எங்கள் முகத்தைப் பார்த்த டிரைவருக்கே பொறுக்கவில்லை போலும். மறுநாள் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு ஓட்டிப்போனார். அந்த அம்மா எருவாட்டி அடுப்பில் உப்புப் போட்ட பால் தேநீர் வைத்து, அகப்பையால் மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார், நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரியே. மகள் தலைநகரில் கல்லூரியில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள், நல்ல ஆங்கிலம். அவள் சொல்லித்தான் முழு விஷயமும் தெரிந்தது. போன கோடை முழுக்க இதே ஏஜென்சி அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. மாதக் கடைசியில் தருகிறோம் என்றவர்கள் இன்னும் தரவில்லை. அதனால் இந்த வருடம் யாரையும் ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். 2023-24 குளிர்காலத்தில் வந்த ட்ஸுட் என்ற கடும் பனியில் நாடு முழுக்க 70 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்துப்போயின. அப்படி அடி வாங்கிய மக்களின் பெயரைச் சொல்லி எங்களிடம் வாங்கிய டாலரில் ஒரு காசு அவர்கள் கைக்குப் போகவில்லை. வழிப்போக்கனுக்குச் சோறு போட்டுக் காசு கேட்காத பழக்கம் அவர்களுடையது. அதையும் சேர்த்தே இவர்கள் விற்கிறார்கள்.

போகிறவர்கள் குடும்பத்துக்கான பணத்தை டூர் கட்டணத்தில் சேர்க்க விடாதீர்கள். அந்தப் பணத்தை 'துக்ரிக்' என்ற மங்கோலிய நாணயமாக மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா கையிலேயே கொடுங்கள். பெட்ரோல் யார் பொறுப்பு, வண்டியில் எத்தனை பேர், தங்குவது மேய்ப்பர் வீடா சுற்றுலா முகாமா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தைத் திரும்பி வந்தபின் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

திரும்பி வந்து கேட்டதற்கு, "முகாம் இன்னும் வசதியாயிற்றே, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். சத்தம் போட்டதும் பெட்ரோல் காசை மட்டும் எண்ணிக் கொடுத்தார்கள். இணையத்தில் எதுவும் எழுதாமல் இருந்தால் மேற்கொண்டு 50 டாலர் தருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.