வானியல் செய்திச் செயலி: ஏறினால் சத்தம், இறங்கினால் மௌனம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நட்சத்திரங்களைப் பற்றிய செயலிக்கே இப்படிக் கஞ்சத்தனம் காட்ட வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம், இதே வியாதி உள்ள செயலிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 3ஐ/அட்லஸ் வால்மீன் விஷயத்தில் அசத்திவிட்டார்கள். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் அது சிக்கியது, ஔமுவாமுவா, போரிசோவ் இரண்டுக்கும் அடுத்து சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மூன்றாவது விருந்தாளி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். இவர்கள் அதன் பாதையை விரலால் நகர்த்திப் பார்க்கும்படி படமாகவே போட்டிருந்தார்கள், வேற்றுக்கிரகக் கப்பல் என்று வதந்தி பறந்த நாட்களிலும் வால்மீன்தான் என்று நிதானமாக நின்றார்கள்.

கடுப்பேற்றியது நோட்டிஃபிகேஷன். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் ஞாபகம் இருக்கிறதா, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதலாம் என்றார்களே? வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியதும் மணி அடித்தது, 2 தாண்டியதும் மறுபடி அடித்தது, 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 தொட்டதும் சிவப்பு எழுத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வாரத்துக்குள் அது கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிட்டது, அதற்கு ஒரு சத்தமும் இல்லை. நானாக உள்ளே போய்த் தேடினால் எங்கோ அடியில் இரண்டு வரி.

இத்தனைக்கும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆரம்பத்தில் பாதை துல்லியமாகத் தெரியாது, அன்றைக்குக் கல் எங்கெல்லாம் இருக்கலாம் என்ற பட்டை ரொம்ப நீளம், பூமி அதில் ஒரு புள்ளி. பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும், பூமி இன்னும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும்வரை அதன் பங்கு கூடிக்கொண்டேதான் போகும், பட்டை பூமியைவிட்டு விலகியதும் சட்டென்று விழும். ஒரு படம் போட்டிருந்தால் வீட்டில் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

கே2-18பி கதையும் அதேதான். 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கோள், 2025 ஏப்ரலில் "உயிர் கண்டுபிடிப்பு!" என்று தலைப்பு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் கிடைத்தது மூன்று சிக்மா அளவு அறிகுறி (சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்), கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாக ஐந்து வேண்டும். அதே தரவை அலசிய வேறு குழுக்கள் இது போதாது என்று எழுதியதற்கு மணி அடிக்கவே இல்லை.

நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன். படங்களுக்காக வாரம் ஒருமுறை திறக்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.