முடிந்த தொடரை மட்டும் பார்ப்பது: இரண்டு வருடம் கடைப்பிடித்த அனுபவம்

2023 ஜனவரி தொடக்கத்தில் தம்பி போன் செய்தான். "அக்கா, 1899-ஐ நிறுத்திட்டாங்களாம்." நாங்கள் பார்த்து முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. '1899' என்ற அந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்தது 2022 நவம்பர் 17. நிறுத்தும் செய்தி வந்தது ஜனவரி 2. மொத்தமே எட்டு எபிசோடுதான்.

நம்பித்தான் உட்கார்ந்தேன். இதை உருவாக்கிய பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீசேயும் 'டார்க்' என்ற முந்தைய தொடரின் கதையை மூன்று சீசனில் அழகாக முடித்துக் காட்டியவர்கள். அந்தத் தைரியத்தில் இதற்கென்றே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, கதை நடக்கும் கெர்பரோஸ் கப்பலில் யார் எந்த மொழி பேசுகிறார்கள், யாருடைய அறை எந்த நினைவுக்குள் திறக்கிறது என்றெல்லாம் குறித்து வைத்தேன். கடைசிக் காட்சியில் கதாநாயகி மௌரா கண் விழிக்கும் இடத்தைப் பார்த்ததும் அடுத்த சீசனுக்காகப் பதினைந்து பக்கம் விட்டேன். நம் ஊர் மெகா சீரியலை நிறுத்தினால்கூட, கடைசி வாரத்தில் அவசர அவசரமாகவாவது முடிச்சுகளை அவிழ்த்து 'சுபம்' போட்டுவிடுவார்கள். இதற்கு அதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்குப் போட்ட விதிதான் இது. கதை முழுதாக முடிந்த தொடரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

நிம்மதி இருந்தது, மறுக்க மாட்டேன். 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடர் அப்படிப் பார்த்ததுதான். 2018-ல் மூன்றாவது சீசனோடு ஒரு சேனல் கைவிட, அமேசான் எடுத்து நடத்தி, 2022 ஜனவரியில் ஆறாவது சீசனோடு முடித்தார்கள். 62 எபிசோடையும் பயமில்லாமல் பார்த்தேன்.

ஆனால் போகப்போக ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அடுத்த சீசன் வருமா வராதா என்பதில், முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோடு வரை போனார்கள் என்ற கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் வெளியிடும் 'அதிகம் பார்க்கப்பட்டவை' பட்டியல்கூட முன்பு முதல் 28 நாளை வைத்துத்தான் இருந்தது. 2023-ல் அதை 91 நாளாக்கினார்கள். முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கணக்கில் பார்க்காதவர்கள்தான். எனக்குப் பிடித்திருக்கக்கூடிய ஏதோ ஒரு தொடர் நின்றுபோனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று தோன்றியபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

சரி, விதியை விட்டுவிட்டேன். இப்போது புதுத் தொடர் பிடித்திருந்தால் வந்த வாரமே கடைசி எபிசோடு வரை பார்க்கிறேன். முதல் சீசனுக்கென்று ஒரு முடிவு இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வேன். பயம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் 'தி ஓஏ' என்ற நெட்ஃப்ளிக்ஸ் தொடரைப் பார்த்தோம். ஐந்து சீசனாகத் திட்டமிட்டு, இரண்டோடு 2019 ஆகஸ்டில் நின்றுபோனது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தோம். முதல் சீசனின் கடைசியில், பள்ளி உணவுக்கூடத்தில் துப்பாக்கிக்கு எதிரே ஐந்து பேர் எழுந்து நின்று, கதாநாயகி கற்றுக்கொடுத்த ஐந்து அசைவுகளைச் செய்யும் காட்சி வந்தது. எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும் தம்பி வாயே திறக்கவில்லை. ரிமோட் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை அந்த நோட்டை எடுத்து, 1899-க்காக விட்டு வைத்திருந்த முதல் பக்கத்தில் அந்த ஐந்து அசைவுகளையும் வரைந்தேன்.