காசு கட்டுன ஆப்பும் ஓசி ஒத்தை கேமராவும்: பாயெஸ் மேல ஏறுனதைப் பாத்த அனுபவம்

மூணு சீசன் காசு கட்டிப் பாத்த டென்னிஸ் ஸ்ட்ரீமிங் ஆப்பை போன மாசம் கேன்சல் பண்ணிட்டேன். எது நல்லா இருந்துச்சு, எது கடுப்பேத்துச்சு, யாருக்கு இது தேவைனு ஒரு ரிவ்யூ போடலாம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத பாதிக்கு மேல அர்ஜென்டினா டென்னிஸ் ப்ளேயர் செபாஸ்டியன் பாயெஸ் பத்தியே போயிடுச்சு. பரவால்ல, நான் அந்த ஆப்பை வாங்குனதே அவனுக்காகத்தான். ஆப் பேரு போடல, ஏன்னா குறை சொல்லப் போறேன், அது என் கார்டுக்கு நடந்த கதை, எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கும்னு சொல்ல முடியாது.

முதல்ல ஓசில பாத்ததை சொல்லிடறேன். சேலஞ்சர்னு ஒரு லெவல் இருக்கு, ஆம்பளைங்க டென்னிஸை நடத்தற ஏடிபியோட பெரிய டூருக்கு ஒரு படி கீழ. அந்த மேட்ச் எல்லாம் ஏடிபி சைட்லயே ஃப்ரீயா லைவ் வரும், நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. 2021ல வொர்க் ஃப்ரம் ஹோம், ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்ப மூடிட்டு தூக்கம் வராம எதையாவது ஓட விடுவேன், அப்ப சிலில மத்தியானம் ரெண்டு மணி. அப்படி ஒரு நாள் சான்டியாகோ சேலஞ்சர்ல மாட்டுனவன்தான் இந்தப் பையன். ஒரு மீட்டர் எழுபதுதான் உயரம். எதிர்ல நிக்கறவன் எல்லாம் இவன விட ஒரு தலை உசரம். சர்வீஸ்ல ஒன்னும் பெருசா இல்ல. ஆனா மேட்ச் முடியறப்ப பாத்தா இவன்தான் ஜெயிச்சிருக்கான், எப்படின்னு எனக்கு சத்தியமா புரியல, அதனால அடுத்த மேட்ச்சும் பாத்தேன்.

என் வீட்டம்மா ஸ்கோர்போர்ட்ல பேரைப் பாத்துட்டு "பயஸா? அவரு இன்னுமா ஆடறாரு?"னு கேட்டாங்க. லியாண்டர் இல்லம்மா இது வேற ஆளு, அர்ஜென்டினா, பாயெஸ்னு சொல்லணும்னேன். இன்னைக்கு வரைக்கும் வீட்ல அவன் பேரு சின்ன பயஸ்தான்.

பின்னாடி போய் தேடிப் பாத்தா ஆளு ஒன்னும் திடீர்னு முளைச்சவன் இல்ல. 2000 டிசம்பர்ல பொறந்தவன், ஜூனியர்ல உலக நம்பர் 1ஆ இருந்திருக்கான், 2018ல ஃபிரெஞ்ச் ஓப்பன் பாய்ஸ் ஃபைனல் வரைக்கும் வந்து தைவான் பையன் செங் சுன் ஸின்கிட்ட தோத்திருக்கான், அதே வருஷம் சொந்த ஊர் புவனஸ் ஐரிஸ்ல நடந்த யூத் ஒலிம்பிக்ஸ்ல ஃபகுண்டோ டியாஸ் அகோஸ்டா கூட சேந்து டபுள்ஸ்ல கோல்டு. அவ்வளவும் பண்ணிட்டு 2021 தொடங்கறப்ப ரேங்க் முந்நூறுக்கு வெளிய. ஜூனியர் நம்பர் 1ங்கறது முன்னெல்லாம் ப்ளஸ் டூல ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்குன மாதிரி, ஒரு வாரம் பேப்பர்ல ஃபோட்டோ வரும், அப்புறம் காலேஜ்ல போய் பின் பெஞ்ச்ல உக்காரணும்.

அந்த ஒரே வருஷத்துல ஆறு சேலஞ்சர் டைட்டில் அடிச்சான். ஆறும் க்ளே, அதாவது செம்மண் கோர்ட். சிலில கான்செப்சியோன், சான்டியாகோ, க்ரோயேஷியால ஸாக்ரெப், பிரேசில்ல காம்பினாஸ்னு ஊர் ஊரா. இதுல நான் அப்ப கவனிக்காத ஒரு விஷயம் என்னன்னா கொரோனாவால ரேங்கிங்கை அந்த சமயம் பாதி உறைய வெச்சிருந்தாங்க, மேல இருக்கறவன் ஆடலன்னாலும் பழைய பாயின்ட்ஸ் அப்படியே இருக்கும், கீழ இருந்து வர்றவன்தான் முட்டி மோதணும். இவன் ஆடுன மாதிரி சேலஞ்சர்ல அப்ப ஒரு வாரம் முழுக்க ஆடி கப்பு தூக்குனா 80 பாயின்ட், கிராண்ட் ஸ்லாம்னு சொல்ற நாலு பெரிய போட்டில ஒன்ன ஜெயிச்சா 2000. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, எண்பது எண்பதா சேத்து வருஷக் கடைசிக்குள்ள முதல் நூறுக்குள்ள வந்துட்டான். நெக்ஸ்ட் ஜென் ஃபைனல்ஸ்னு மிலன்ல இளசுகளுக்கு நடத்துன போட்டிக்கும் போனான், செமில ஸ்பெயின் பையன் அல்கராஸ்கிட்ட தோத்தான். அல்கராஸ் அந்த வருஷம் பறந்துட்டு இருந்தான், இவன் படிக்கட்டுல ஏறி வந்தவன்.

சரி ஸ்ட்ரீம் எப்படின்னு சொல்றேன். ஒரே ஒரு கேமரா, பேஸ்லைனுக்கு, அதான் கோர்ட்டோட கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி உசரத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். ரீப்ளே கிடையாது, க்ளோசப் கிடையாது. பாதி மேட்ச்க்கு கமென்டரியும் இருக்காது. கேக்க தரித்திரமா இருக்குல்ல? க்ளே கோர்ட்டுக்கு இதை விட நல்ல கேமராவே கிடையாதுங்கறது என் அபிப்பிராயம். ஏன்னா அது எங்கயும் நகராது, ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல நடக்கறதெல்லாம் அப்படியே தெரியும். பாயெஸ் ராக்கெட்டால ஷூவோட பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டி ஒட்டுன செம்மண்ண உதுக்கறது, பேஸ்லைன் பக்கத்துல குழி விழுந்த எடத்த காலாலயே தேச்சு சமன் பண்ணிட்டு சர்வீஸுக்கு நிக்கறது. செட் முடிஞ்சதும் ரெண்டு ஆளுங்க ஒரு பெரிய வலையப் பாயி மாதிரி இழுத்துக்கிட்டு கோர்ட்டை சுத்தி வருவாங்க, ஒருத்தர் கோடுங்களை மட்டும் தொடப்பத்தால கூட்டுவாரு, காஞ்சு போயிருந்தா ஹோஸ் எடுத்து தண்ணி அடிப்பாங்க. அச்சு அசல் வாசல் தெளிக்கற மாதிரிதான். தண்ணி பட்டதும் அந்த ஆரஞ்சு நிறம் அப்படியே கருஞ்சிவப்பாகும் பாருங்க, ஸ்க்ரீன் வழியாவே மண் வாசனை வர்ற மாதிரி இருக்கும். அங்க அதை மண்ணுன்னே சொல்ல மாட்டாங்க, ஸ்பானிஷ்ல செங்கல் தூள்னுதான் பேரு, நெஜமாவே செங்கல்ல இடிச்சு மேல மெல்லிசா தூவுனதுதான்.

அந்த மேல்தூளாலதான் பந்து தரைல பட்டதும் வேகம் கொறஞ்சு உசரமா எழும்புது. அதனாலதான் சர்வீஸ் இல்லாத குள்ளப் பையனுக்கும் பொழப்பு ஓடுது. பாயெஸ் பண்றது இதுதான்: பேக்ஹேண்ட் பக்கம் வர்ற பந்தை சுத்தி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால எதிராளியோட பேக்ஹேண்டுக்கே போடுவான், திரும்ப அங்கயே, திரும்ப அங்கயே, நாலாவது தடவை எதிராளி ஒரு அடி பின்னாடி போனதும் சட்டுனு நெட்டுக்குப் பக்கத்துலயே விழற மாதிரி மெதுவா ஒரு டிராப் ஷாட். கேமரா ஒரே எடத்துல இருக்கறதால எதிராளி அங்குலம் அங்குலமா பின்னாடி தள்ளப்படறது கண்ணுக்குத் தெரியும். ஹைலைட்ஸ்ல அந்த டிராப் ஷாட் மட்டும்தான் இருக்கும், ஆஹா என்ன டச்சுனு நாம கை தட்டிட்டுப் போயிடுவோம்.

இதுக்கப்புறம்தான் காசு கட்டுற கதை. 2022ல பய டூருக்கு ஏறிட்டான், சேலஞ்சர்ல வர மாட்டான். அந்த ஏப்ரல் கடைசில எஸ்டோரில்ல ஆடி, மே முதல் தேதி ஃபைனல்ல அமெரிக்காக்காரன் டியாஃபோவ 6-3, 6-2னு அடிச்சு முதல் ஏடிபி கப்பு வாங்குனான், எனக்குப் பாக்க வழியில்ல, ஸ்கோர் மட்டும் ரெஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். அடுத்து ஃபிரெஞ்ச் ஓப்பன் ரெண்டாவது ரவுண்ட், ஜெர்மனிக்காரன் ஸ்வெரெவ் மேல ரெண்டு செட் முன்னாடி, அஞ்சாவது செட்ல ஒரு மேட்ச் பாயின்ட் கையில, அதாவது இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தா ஜெயிச்சிடலாம், கடைசில 7-5னு தோத்தான். அதை டிவில முழுசா பாத்தேன், மறுநாள் ஹைலைட்ஸையும் பாத்தேன், ரெண்டும் வேற வேற மேட்ச். தென் அமெரிக்கா க்ளே சீசன் பிப்ரவரிலதான், அந்த எரிச்சல்லயே 2023 பிப்ரவரி வர்றதுக்கு முன்னாடி ஆப்புக்கு மூவாயிரத்துச் சொச்சம் கட்டிட்டேன்.

ஆப்ல நல்லது நிறைய இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். பிக்சர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரே நேரத்துல நாலு கோர்ட் மாத்தி மாத்திப் பாக்கலாம், முழு மேட்ச் ரீப்ளே இருக்கும். இந்த ரீப்ளேக்காகவே தென் அமெரிக்கா போட்டி பாக்கறவன் காசு கட்டலாம், ஏன்னா நமக்கும் அவங்களுக்கும் எட்டரை மணி நேரம் வித்தியாசம். அங்க சாயங்காலம் ஏழு மணின்னா இங்க விடியக்காலை மூணரை. ரியோல வெயில் தாங்காதுன்னு மேட்செல்லாம் சாயங்காலத்துக்கு மேலதான் ஆரம்பிப்பாங்க, நடுவுல மழை வேற வந்தா நான் ஆபீஸ் கேப்ல போறப்ப மூணாவது செட் ஓடிட்டிருக்கும்.

2024 பிப்ரவரி மாசத்துக்கு மட்டும் கட்டுன காசு அத்தனையும் செரிச்சிடுச்சு. வரிசையா பாருங்க. கோர்டோபால லூசியானோ டார்டெரி ஜெயிச்சான், இத்தாலிக்கு ஆடறவன் ஆனா பொறந்தது அர்ஜென்டினா. அடுத்த வாரம் புவனஸ் ஐரிஸ்ல, நடத்தறவங்க நேரா எடம் குடுக்கற வைல்டு கார்டுல உள்ள வந்த டியாஸ் அகோஸ்டா, ஆமா அதே யூத் ஒலிம்பிக்ஸ் பார்ட்னர், கப்பு தூக்கிட்டான். அதுக்கடுத்து ரியோ, அது ஜெயிச்சா 500 பாயின்ட் கெடைக்கற லெவல், அந்த சீசன்லயே பெரிய போட்டி. ஃபைனல்ல பாயெஸ் ஒரு பக்கம், குவாலிஃபையிங் ஆடி வந்த மாரியானோ நவோனே இன்னொரு பக்கம், ரெண்டும் அர்ஜென்டினா. 6-2, 6-1னு பாயெஸ் ஜெயிச்சான். அடுத்த வாரமே சான்டியாகோ போய் சிலி ரசிகர்கள் முன்னாடி அவங்க ஆளு தபிலோவ முதல் செட் விட்டுட்டு 3-6, 6-0, 6-4னு முடிச்சான். மூணு வருஷம் முன்னாடி ஒத்தை கேமரால ஆளே இல்லாத கேலரில ஆடிட்டிருந்தானே, அதே ஊரு. அந்த ஜூன்ல ரேங்க் 18க்குப் போனான், அதுதான் அவனோட உச்சம். 2025ல ரியோவ திரும்பவும் ஜெயிச்சான், முல்லர்னு ஃபிரெஞ்சுக்காரன அடிச்சு, அந்த டைட்டிலை ரெண்டாவது வருஷமும் விடாம வெச்சிருந்த முதல் ஆளு இவன்தான்.

க்ளேல மட்டும்தான் ஆடுவான்னு சொல்றவங்களுக்கு 2023ல வின்ஸ்டன் சேலம்ல அவன் வாங்குன கப்பு ஞாபகம் இருக்கட்டும், அது மண்ணே இல்லாத ஹார்ட் கோர்ட். ஆனா உள்ளத உள்ளபடி சொல்லணும்னா கிராண்ட் ஸ்லாம்ல பெருசா ஒன்னும் பண்ணல, அஞ்சு செட்டு மேட்ச்ல சர்வீஸ்ல ஓசி பாயின்ட் வராதவன் பாவம் எல்லாத்தையும் ஓடி ஓடியே சம்பாதிக்கணும். இதே உசரத்துல இருந்த இன்னொரு அர்ஜென்டினாக்காரர் ஷ்வார்ட்ஸ்மன் நம்பர் 8 வரைக்கும் போய் ரோலண்ட் கரோஸ் (ஃபிரெஞ்ச் ஓப்பன்தான்) செமி ஆடுனாரு, அவரு 2025 பிப்ரவரில புவனஸ் ஐரிஸ்ல ரிட்டயர் ஆகறப்ப அடுத்து இவன்தான்னு நெனச்சேன். இன்னும் அந்த லெவல் வரல. நான் ரசிகன், ஜோசியக்காரன் இல்ல.

இப்ப குறைங்க. ரீப்ளே பாக்கலாம்னு காலைல ஆசையா ஆப்பைத் தொறந்தா முகப்புலயே ஜெயிச்சவன் கப்போட சிரிச்சிட்டு இருப்பான். ஸ்கோரை மறைக்க செட்டிங்ஸ்ல ஒரு பட்டன் இருக்கு, அது ஸ்கோரை மறைக்கும், மூஞ்சிய மறைக்காது. ரியோ ஃபைனலையே எனக்கு அப்படித்தான் கெடுத்தாங்க. செட் இடைவேளைல கோர்ட் பெருக்கறதெல்லாம் காட்ட மாட்டாங்க, கூட்டத்துல எவனாவது கேமராவப் பாத்து கையாட்டறதத்தான் காட்டுவாங்க. ரீப்ளேவும் எப்பவும் இருக்காது, பழைய சீசன் மேட்ச் ஒன்ன தேடுனா பத்து நிமிஷ ஹைலைட்ஸ்தான் கெடைக்குது. கடைசியா கார்டு மேட்டர். வருஷம் முடியறதுக்கு முன்னாடி மெயில் அனுப்புவோம்னு போட்டிருந்தாங்க, எனக்கு வந்தது பணம் எடுத்தாச்சுங்கற பேங்க் மெசேஜ்தான். கஸ்டமர் கேர்ல கேட்டா அழகா மன்னிப்பு கேட்டாங்க, பணம் மட்டும் திரும்ப வரல. அதான் இந்த தடவை தேதி வர்றதுக்கு பத்து நாள் முன்னாடியே கார்டையே எடுத்துட்டேன்.

ஒரு பொலம்பல், இது ஆப்போட தப்பு இல்ல. 2025ல இருந்து டூர்ல லைன் கால், அதாவது பந்து கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சொல்றது எல்லாம் மெஷின்தான். முன்னாடி க்ளேல பந்து வெளியன்னு சண்டை வந்தா அம்பயர் நாற்காலில இருந்து எறங்கி வந்து மண்ணுல பந்து பதிஞ்ச தடத்தப் பாத்து விரலால காட்டுவாரு, ரெண்டு ப்ளேயரும் பக்கத்துல குனிஞ்சு நின்னு இதுவா அதுவான்னு தகராறு பண்ணுவாங்க, வாய்க்கா வரப்பு தகராறு தோத்துடும். இப்ப ஒரு குரல் "அவுட்"னு சொல்லுது, முடிஞ்சுது. கிராண்ட் ஸ்லாம்ல ரோலண்ட் கரோஸ் மட்டும் இன்னும் மனுசங்கள வெச்சு ஓட்டுது.

மார்க் போடணும்னா ஆப்புக்கு அஞ்சுக்கு மூணு. பெரிய ப்ளேயர் மட்டும் பாக்கறவங்க, நாலு கோர்ட்டும் வேணுங்கறவங்க தாராளமா வாங்குங்க, கார்டு விஷயத்துல மட்டும் கண்ணு இருக்கட்டும். பிப்ரவரி சீசனுக்கு மட்டும் வேணும்னா மாசச் சந்தா போதும், வருஷத்துக்கு கட்டாதீங்க. ஓசி சேலஞ்சர் ஸ்ட்ரீமுக்கு நாலரை, அரை மார்க் ஏன் கொறச்சேன்னா பாதி ராத்திரில பாக்க வெச்சு தூக்கத்தக் கெடுத்ததுக்கு.

நேத்து ராத்திரியும் அதைத்தான் ஓட விட்டேன். யாரோ ரெண்டு பசங்க, பேரு கூட வாயில நுழையல, முதல் செட்டே ஒரு மணி நேரம். செட்டை முடிவு பண்ற டைபிரேக் முடிஞ்சதும் வலைய இழுத்துட்டு ஒருத்தர் வந்தாரு, நான் போய் பால் காய்ச்சிட்டு வந்தேன், அவரு இன்னும் அந்தப் பக்கத்துக் கோட்டை கூட்டிட்டு இருந்தாரு.