பழ பீர்: ஈஸ்ட் தொட்டதா, தொடாததா?

மாம்பழம், தர்பூசணி, ஸ்ட்ராபெர்ரி என்று கிராஃப்ட் பீர் டப்பாக்கள் வண்ண வண்ணமாக வரத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சண்டை ஓயவில்லை. ஒரு கட்சி இதைப் புதுமை என்கிறது. இன்னொரு கட்சி வியாபாரப் பகட்டு என்கிறது. இரு தரப்பும் டப்பாவில் எந்தப் பழத்தின் படம் இருக்கிறது என்றுதான் பார்க்கின்றன. அந்தப் பழம் எந்தக் கட்டத்தில் பீருக்குள் போனது, அதன் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர்பெற்ற சில பழ பீர்களையும் கோடையில் ஊற்றப்படும் மாம்பழ பீரையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் அளவுகோல். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையின் கிரீக் பீரை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். கிரீக் என்றால் பிளெமிஷ் மொழியில் புளிப்புச் செர்ரி. அதற்கு அடிப்படை லாம்பிக் என்ற பெல்ஜிய பீர். முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையும், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவில் வாசம் போன பழையதும் சேர்த்துக் காய்ச்சி, அகன்ற ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஓர் இரவு திறந்து வைப்பார்கள். காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் குடியேறும். கோடையில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவது வழக்கம். ஒன்றரை ஆண்டு போல மரப் பீப்பாயில் கிடந்த பிறகு, லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் செர்ரியைக் கொட்டையோடு போடுகிறார்கள். பழச் சர்க்கரை மீண்டும் நொதித்து, சில மாதங்களில் சதை கரைந்து, கொட்டைகள் மட்டும் அடியில் தங்கும்.

கிளாஸில் வருவது துளி இனிப்பில்லாத, நாக்கின் ஓரத்தைச் சுருக்குகிற புளிப்பு. செர்ரி என்றதும் ஜாம் சுவையை எதிர்பார்ப்பவர் முதல் மிடறில் முகம் சுளிப்பார். இரண்டாவது மிடறில் பழத்தோலின் துவர்ப்பும், கொட்டையிலிருந்து இறங்கும் பாதாம் வாசமும் தெரியும். பென்சால்டிஹைடு என்கிற சேர்மம்தான் அந்த வாசம். அதே சேர்மத்தைத் தனியாக எசென்ஸாக ஊற்றினால் இருமல் மருந்து நினைவுக்கு வரும். பழத்தின் அமிலமும் துவர்ப்பும் கூடவே இருந்தால்தான் அது செர்ரியாக உணரப்படுகிறது. பீர் தனித்துத் தர முடியாததையும் செர்ரி தனித்துத் தர முடியாததையும் இந்தக் கூட்டு தருகிறது. புதுமையா என்றால், பல தலைமுறை பழைய வழக்கம் இது. பகட்டா என்றால், அந்தச் சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

பக்கத்து ஊரான விளெசன்பேக்கின் லின்டெமன்ஸ் ஆலை 1822இலிருந்து இருக்கிறது. அதன் கிரீக் 3.5 சதவீதம் ஆல்கஹால், ராஸ்பெர்ரி போட்ட ஃப்ரம்புவாஸ் 2.5 சதவீதம். அடியில் இருப்பது லாம்பிக்தான், சந்தேகமில்லை. ஆனால் பழச்சாறும் இனிப்பும் சேர்த்து, ஈஸ்ட் மேற்கொண்டு வேலை செய்யாதபடி சூடாக்கி பாஸ்டரைஸ் செய்துவிடுகிறார்கள். ராஸ்பெர்ரி வாசம் அபாரம். பீரைத் தேடினால் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய புளிப்பாக மட்டும் கிடைக்கும். சாக்லேட் கேக்கோடு சிறு கிளாஸில் குடிக்க இதைவிடப் பொருத்தமானது குறைவு. உணவோடு முழு பாட்டில் என்றால் பாதியில் திகட்டிவிடும். அதே ஆலையின் கூவே ரெனே என்ற பெயரில் வரும் செர்ரி பீரை வாங்கினால் கதை வேறு: இனிப்பு சேர்க்காதது, பாட்டிலிலேயே நொதிப்பது.

இரண்டையும் பிரித்தறிய லேபிளில் ஒரு சொல் பெரும்பாலும் உதவும். ‘அவ்டெ கிரீக்’, அதாவது பழைய முறைக் கிரீக் என்ற பெயரை 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுவழித் தயாரிப்பாகப் பதிவுசெய்து காக்கிறது. முன்னால் ‘அவ்டெ’ இல்லாமல் வெறும் ‘கிரீக்’ என்றிருந்தால், கான்டியோன் போன்ற விதிவிலக்குகள் தவிர, இனிப்பை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். லெம்பேக் ஊரின் பூன் ஆலை மரியாஷ் பார்ஃபே என்ற வரிசையில் 8 சதவீதக் கிரீக் ஒன்று தருகிறது. லிட்டருக்கு 400 கிராம் செர்ரி, அதாவது கான்டியோனைப் போல இரு மடங்கு. புளிப்பு அவ்வளவு கூர்மையில்லை, பழம் அடர்த்தி. முதல்முறை இந்தப் பக்கம் வருகிறவருக்கு நான் கையில் கொடுப்பது இந்த பாட்டிலைத்தான். 10 டிகிரி வாக்கில் குடிக்க வேண்டும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் வாசம் மூடிக்கொண்டு வெறும் புளிப்புதான் நிற்கும்.

அமெரிக்காவில் இந்த வரிசையில் நிற்கக்கூடியது விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸ் ஆலையின் விஸ்கான்சின் பெல்ஜியன் ரெட். 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு பவுண்டுக்கு மேல், அதாவது 450 கிராமைத் தாண்டி, டோர் கவுன்டியில் விளையும் மான்ட்மொரன்சி செர்ரி. கருஞ்சிவப்பு நிறம், 4 சதவீதம் ஆல்கஹால். இனிப்பு உண்டு, ஆனால் அதைச் சமன்செய்யும் அளவுக்குப் பழத்தின் புளிப்பும் இருக்கிறது. இனிப்பாக இருந்தாலே பொய் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. விஸ்கான்சினுக்கு வெளியே விற்பதில்லை என்பதுதான் குறை.

இப்போது பழம் தொட்டிக்குள் என்ன ஆகிறது என்று பார்த்தால், மற்ற டப்பாக்கள் ஏன் சறுக்குகின்றன என்பது தானே விளங்கும். பழத்தில் நாம் ருசிப்பது சர்க்கரை, அமிலம், வாசம் மூன்றும் சேர்ந்ததை. ஈஸ்ட் சர்க்கரையை எடுத்துவிடும், அமிலத்தை விட்டுவிடும். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு வாசத்தில் ஒரு பங்கைச் சுருட்டிக்கொண்டு போகும். ஆகவே பழம் போட்ட பீர் இனிக்காது, புளிக்கும். கொதிக்கும் கட்டத்தில் பழம் போட்டால், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருள் இறுகி பீர் கலங்கலாகி, வாசமும் ஆவியோடு போய்விடும். முதல் நொதித்தல் ஏறக்குறைய முடிந்த பிறகு போடுவதே சரி. பழத்தை உறையவைத்துப் போட்டால் பனித்துகள்கள் செல் சுவர்களைக் கிழித்துச் சாற்றை எளிதாக விடும். கலங்கல் வேண்டாம் என்றால் பெக்டினேஸ் நொதி சேர்க்கலாம். ராஸ்பெர்ரிக்கு லிட்டருக்கு 100 முதல் 150 கிராமே போதும். பீச், மாம்பழம் போன்றவை 250க்குக் கீழே காணாமல் போகும்.

தர்பூசணி இன்னும் மோசம். சான் பிரான்சிஸ்கோவின் ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் அமென்ட்மென்ட் நிறுவனத்தின் ஹெல் ஆர் ஹை வாட்டர்மெலன் 4.9 சதவீதக் கோதுமை பீர். பெயரில் இருக்கும் பழம் நாக்கில் கீற்றாகத்தான் தெரியும். தர்பூசணியில் அமிலம் சொற்பம், சர்க்கரை போனால் மிச்சம் நீர்தான். அதன் வாசமோ ஒன்பது கார்பன் கொண்ட ஆல்டிஹைடுகள். பழசாகிப்போன பீரில் அட்டைப்பெட்டி வாசம் தருகிற நோனெனாலும் அதே குடும்பம். அதனால் அடக்கமாகப் போட்டதே புத்திசாலித்தனம். வெயில் நேரத்துக்கு நல்ல லேசான பீர். தர்பூசணிக்காக வாங்குகிறவர் ஏமாறுவார்.

அமெரிக்காவின் பேலஸ்ட் பாயின்ட் ஆலையின் கிரேப்ஃப்ரூட் ஸ்கல்பின் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐபிஏ என்ற வகையைச் சேர்ந்த 7 சதவீத பீர் ஒன்றின் ஹாப்ஸிலேயே பம்ளிமாஸ் ஜாதிப் பழங்களின் வாசம் இருக்கிறது, அதன் மேல் கிரேப்ஃப்ரூட். பீரில் ஏற்கெனவே உள்ளதைப் பழம் அழுத்திச் சொல்கிறது, கசப்புக்குக் கசப்பு துணை நிற்கிறது. யோசனை சரி, செயல்படுத்தியதும் சரி. பிரச்சினை காலம்: தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் மங்கி, தரை துடைக்கும் திரவத்தின் வாசத்துக்கு நகரும். அடைத்த தேதி பார்த்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பழமில்லாத மூல ஸ்கல்பினே மேல்.

இன்னொரு அமெரிக்க ஆலையான டாக்ஃபிஷ் ஹெட்டின் சீக்வென்ச் ஏல் எலுமிச்சை, உலர்ந்த கருப்பு எலுமிச்சை, கடல் உப்பு மூன்றையும் போட்ட 4.9 சதவீத பீர். பட்டியலைப் படித்தால் வித்தைகாட்டுவது போலிருக்கும். குடித்தால் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்து வளர்ந்த எந்த நாக்கும் உடனே ஒப்புக்கொள்ளும். வறுத்த மீனோடு இதைவிட நன்றாகப் போகும் டப்பா பீர் எனக்குத் தெரியவில்லை.

என் பொறுமை தீர்வது ஸ்மூத்தி சவர் என்ற புளிப்பு பீர் வகையில். நொதித்தல் முடிந்த பீரில் பழக்கூழை அப்படியே கொட்டி, பாஸ்டரைஸ் செய்யாமல் டப்பாவில் அடைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பீரின் கனஅளவுக்குச் சமமான ஒரு மடங்கு கார்பன் டை ஆக்சைடு கூடும். 15 சதவீதச் சர்க்கரையுள்ள கூழை லிட்டருக்கு 100 கிராம் போட்டால் 14 கிராம் போலச் சர்க்கரை, அதாவது மூன்றரை மடங்கு வாயு. வழக்கமான இரண்டரையோடு சேர்த்தால் ஆறு. சாதாரண அலுமினிய டப்பா இதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. ‘எப்போதும் குளிரில் வையுங்கள்’ என்று லேபிளில் எச்சரிப்பது இதனால்தான். வெடிக்கும் அபாயத்தை வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு அதைக் கைவினை என்று சொல்வது சரியில்லை. சுவையிலும் அது பழக்கூழ்தான், பீர் வெறும் தண்ணீர் வேலை பார்க்கிறது.

மில்க்‌ஷேக் ஐபிஏவை அதோடு சேர்த்துத் திட்டக் கூடாது. பென்சில்வேனியாவின் டயர்ட் ஹாண்ட்ஸும் ஸ்வீடனின் ஓம்னிபோலோவும் சேர்ந்து 2015இல் கொண்டுவந்த வகை. ஈஸ்ட்டால் தின்ன முடியாத பால் சர்க்கரையான லாக்டோஸ் இனிப்பைத் தக்கவைக்கிறது, ஓட்ஸும் பெக்டினும் வாயில் அடர்த்தி தருகின்றன. அளவோடு செய்தால் யோசித்துச் செய்த பீர்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் லேபிளில் லாக்டோஸ் என்ற சொல்லைத் தேட வேண்டும்.

கடைசியாக மாம்பழம். அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் பெங்களூரு மைக்ரோப்ரூவரிகளில் ஏப்ரல் பிறந்தால் கரும்பலகையில் மாம்பழ பீர் ஏறிவிடும். ருசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கூழ்தான். கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் ஆலையில் அடைத்து வருவது அதிகமும் நாம் பெங்களூரா அல்லது கிளிமூக்கு என்று சொல்லும் தோதாபுரி. கூழாக, சர்க்கரையின் அளவைச் சொல்லும் பிரிக்ஸ் கணக்கில் 14 வாக்கில் இருக்கும், புளிப்பு கொஞ்சம் கூட, வாசம் குறைவு. அல்போன்சா கூழ் 16க்கு மேல், வாசமும் தூக்கல், விலையும் அப்படியே. நொதித்த பிறகு நிற்பது அமிலமும் வாசமும் மட்டும் என்பதால் தோதாபுரியை மட்டும் நம்பிய பீர் மாங்காய்த் தண்ணீர் போல ஆகிவிடும். இரண்டையும் பாதிப் பாதி கலப்பதே நல்ல வழி. லிட்டருக்கு 250 கிராம், கசப்புக் குறைந்த கோதுமை பீரில், நொதித்தலின் கடைசியில் போட்டு, 5 முதல் 7 நாள் வைத்து, குளிரவைத்து வண்டலை இறக்கி எடுத்தால் நிற்கும். அந்த வண்டலோடு தொட்டியின் ஒரு பங்கு பீரும் போய்விடும். ஒழுங்கான மாம்பழ பீருக்கு விலை கூடுவது அதனால்தான், அதைக் குறைசொல்ல முடியாது. கூழில் தோலோரச் சதை அதிகம் சேர்ந்தால் டர்பன்டைன் வாடை வரும். அதைச் சர்க்கரை போட்டு மறைக்க முடியாது.

மதிப்பிடச் சுலபமான வழி: கிளாஸில் கால் பங்கைத் தனியாக எடுத்து 15 நிமிடம் வைத்து, நுரையும் குளிரும் போன பிறகு குடிப்பது. எசென்ஸும் சிரப்பும் அப்போது நாக்கில் பிசுபிசுவென ஒட்டும். நொதித்த பழம் என்றால் லேசான ஒயின் போல இருக்கும். அதற்கும் முன்னால், ஆர்டர் எடுக்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி: மாம்பழம் தொட்டியில் போட்டதா, கிளாஸில் ஊற்றியதா? கிளாஸில் ஊற்றியது என்று பதில் வந்தால் பழம் போடாத கோதுமை பீரையே கேட்டு வாங்குங்கள்.