யானை மார்க் ஜிஞ்சர் பியர்: மட்டக்களப்பு வெக்கையில் பல வருடப் பாவனை

யானை மார்க் சோடாவின் பூர்வீகம் ஒரு ஐஸ் ஆலை. 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனி என்ற பெயரில் நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியவர்கள்தான் பிறகு சோடாவுக்கு வந்தார்கள். கொழும்பு கொம்பனித்தெரு கிளெனி வீதியில்தான் நெடுங்காலம் இருந்தார்கள். 1941இல் பெயர் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என்று மாறியது. 1991இல் கம்பனி ஜோன் கீல்ஸ் குழுமத்தின் கைக்கு வந்தது. இப்போது கொழும்புக்கு அருகே ரணாலையில் சோடா போத்தலாகிறது. இந்தப் பழைய கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐஸ்காரர் வீட்டுப் பிள்ளையான இந்தச் சோடா, குளிர் குறைந்தால் தன் குணத்தையே இழந்துவிடும். எங்கள் பக்கத்தில் "இந்த முறை ஜிஞ்சர் பியர் சரியில்ல" என்று கேட்கும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை குளிரும் களஞ்சியமும் பிழையாகப் போனதால் வருபவை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பியர்' என்ற சொல்லைக் கண்டு இன்னும் சிலர் தயங்குகிறார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இஞ்சியும் சீனியும் புளிக்கவைத்துச் செய்ததால் வந்த பெயர் அது. இன்றைய போத்தலில் இருப்பது மதுசாரம் இல்லாத, காபனீரொட்சைட்டு ஏற்றிய மென்பானம். காத்தான்குடியில் சஹன் (பலர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு) சோற்றோடும் சாய்ந்தமருதில் புரியாணியோடும் இதை வைப்பதில் ஒரு குறையும் இல்லை. மாட்டிறைச்சிக் கறியின் நெய்ப்பிசுக்கை நாக்கிலிருந்து எடுப்பதில் இஞ்சிக் காரத்துக்கு நிகராக அந்தக் கம்பனியின் வேறு சோடா எதையும் சொல்ல முடியாது. சிவப்புச் சோடாவான நெக்டோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வெள்ளை வேட்டிக்குப் பிடிக்காது. கிரீம் சோடா வனிலா ஐஸ்கிரீமோடு நன்றாகச் சேரும். காரச் சாப்பாட்டுக்கு ஜிஞ்சர் பியர்தான்.

இனி வெக்கைக்கு வருவோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இங்கே காய்ந்து இறங்கும்போது, தகரக் கூரை போட்ட கடைக்குள் வெப்பம் வெளியை விட ஏறிவிடும். 0 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 3.3 கிராம் காபனீரொட்சைட்டைச் சாதாரண அமுக்கத்தில் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது 1.3 கிராம் அளவுக்கு விழுந்துவிடும். எஞ்சியதை மூடியும் அமுக்கமும்தான் உள்ளே அடக்கி வைத்திருக்கின்றன. ஆகவே சூடான போத்தலைத் திறந்ததும் நுரை பொங்கி, காஸ் முழுவதும் ஒரே மூச்சில் போய், கிளாஸில் சீனித் தண்ணீர்தான் மிஞ்சும்.

பிளாஸ்டிக் போத்தலுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. மூடி இறுக்கமாக இருந்தாலும் சுவர் வழியாகவே காஸ் மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் ஏறினால் உள்ளமுக்கம் ஏறும், கசிவும் கூடும். சின்னப் போத்தலில் சோடா குறைவு, அதற்கு ஏற்ற மேற்பரப்போ அதிகம். அதனால் காஸ் முதலில் குறைவது அதில்தான். கண்ணாடிப் போத்தல் இப்படிக் கசியாது. குடித்துவிட்டு வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் இருந்தாலும் எங்கள் வாக்கு கண்ணாடிக்கே. வாங்கும்போது வாய் விளிம்பை விரலால் தடவி, உடைவு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் என்றால் கடையில் செய்ய வேண்டியது எளிது. வாசலில் வெயில் படும் அடுக்கிலிருந்து எடுக்காதீர்கள், உள் அடுக்கிலிருந்து கேளுங்கள். போத்தலின் நடுவை அமத்திப் பாருங்கள், கல்லுப்போல் இருக்க வேண்டும். விரலுக்கு மசிந்தால் காஸ் போய்விட்டது என்று அர்த்தம். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இரண்டையும் வாசித்து, புதியதை எடுங்கள். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் குலுங்கி வரும் சாமான் இது. வந்த கையோடு திறக்காமல் ஒரு இரவு அசையாமல் வைத்தால் பொங்கல் குறையும். சவர்க்காரம், மண்ணெண்ணெய்க்கு அருகில் அடுக்க வேண்டாம், வாசம் ஏறும்.

கலியாண வீட்டுக் கணக்கில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஆளுக்கு 150 மில்லிலீற்றர் வைத்தால் 1.5 லீற்றர் போத்தலில் கணக்குக்குப் பத்துக் கிளாஸ், நுரையும் சிந்தலும் போக ஒன்பது. 300 பேருக்கு 34 போத்தல் வேண்டும். 36 எடுத்தால் பயமில்லை. இதைக் குளிரவைக்க லீற்றருக்கு முக்கால் கிலோ ஐஸ், அதாவது 40 கிலோ அளவு தேவை. ஐஸை மட்டும் போத்தல் மேல் கொட்டினால் தொடும் இடம் மட்டுமே குளிரும். பெரிய பேசினில் ஐஸோடு தண்ணீரும் விட்டு, இரண்டு கைப்பிடி உப்பும் போட்டு, போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். ஒரு மணித்தியாலத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். பிறிட்ஜில் இதற்கு அரை நாள் போகும். மீனுக்கு உடைக்கும் ஐஸ் வாங்கினால் அது போத்தலுக்கு வெளியே மட்டும்தான், கிளாஸுக்குள் போடவே கூடாது. பேசினிலிருந்து எடுத்த போத்தலைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் கிளாஸுக்குள் வடியும். ஊற்றும்போது கிளாஸைச் சரித்துப் பிடியுங்கள். ஐஸ் கட்டியை முதலில் போட்டு மேலே ஊற்றினால் பொங்கும், காரமும் கரைந்துவிடும். போத்தலே குளிர்ந்திருந்தால் கிளாஸுக்கு ஐஸ் தேவைப்படாது.

அவசரத்துக்கு பிறீஸரில் வைப்பவர்கள் நேரம் பார்த்து வையுங்கள். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். கண்ணாடி அதைத் தாங்காது, வெடிக்கும்.

சீனி விசயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. 2016 முதல் போத்தலில் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சையில் காட்டும் நிறவட்டம் போடுகிறார்கள், அதைப் பாருங்கள். லேபிளில் 100 மில்லிலீற்றருக்கு 9 கிராம் என்றிருந்தால் 1.5 லீற்றர் போத்தலில் 135 கிராம், அதாவது 27 தேக்கரண்டி. சீனி வருத்தக்காரருக்கு இதைக் கொடுக்கக் கூடாது, "கொஞ்சமா குடிங்க" என்ற உபசாரமும் வேண்டாம். வயிற்றுப் பொருமலுக்கு ஜிஞ்சர் பியர் நல்லது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் பலமாக இருக்கிறது. இஞ்சி உதவலாம், ஆனால் உள்ளே போகும் காஸ் பொருமலைக் கூட்டும். நெஞ்செரிவுக்காரருக்கு அது இன்னும் கெடுதி. வீட்டில் இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்த பிளேன் டீ இருக்கும்போது மருந்துக்குச் சோடா தேவையில்லை.

மிச்சம் வந்தால் போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடும் பழக்கம் பரவலாக உண்டு. அது நேர் எதிராக வேலை செய்யும். நசுங்கிய சுவர் மெல்ல விரியும், அந்த வெற்றிடத்தை நிரப்ப இன்னும் காஸ் வெளியேறும். அரைப் போத்தலுக்குக் கீழே போய்விட்டால் சின்னப் போத்தல் ஒன்றில் கழுத்துவரை மெதுவாக ஊற்றி, இறுக்கி மூடி, பிறிட்ஜில் பின்பக்கமாக வையுங்கள். கதவில் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் குலுங்கும். அடுத்த நாள் மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும்.