சின்னாறு ஆற்றோர நடை: பாம்பாற்று மீனுக்காகவும் போகலாம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், மாநில எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் தொடங்குகிறது. கேரள வனத்துறை அங்கே பழங்குடி வழிகாட்டிகளைக் கொண்டு நடத்தும் ஆற்றோர நடையைப் பற்றியது இந்த மதிப்புரை. யானையையும் சாம்பல் நிற அணிலையும் பார்க்கும் ஆசையில்தான் பெரும்பாலோர் இதற்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் ஊர்க்காரன் என்ற முறையில், நான் இதை, காவிரியின் கிளையான அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றுக்காகவும் அதில் வாழும் கூன்முதுகு மகசீர் என்ற மீனுக்காகவும் பரிந்துரைக்கிறேன்.

நடையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. குழு சிறியது, வழிகாட்டி நம் தமிழிலேயே பேசுகிறார், அவசரப்படுத்துவதில்லை. மழை மறைவுப் பகுதியாதலால் காடு முள்ளும் கள்ளியுமாக வறண்டு கிடக்க, மருத மர நிழலில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுடன் வந்த அண்ணன், கோடையில் ஓட்டம் மெலிந்த பின்னும் வற்றாத ஆழமான மடுக்களைக் காட்டி, மீன்கள் அங்கேதான் ஒதுங்கும் என்றும், மழை இறங்கிப் புதுவெள்ளம் வரும்போது மேல்நோக்கி ஏறும் என்றும் விளக்கினார். கட்டணத்திற்கு அந்த விளக்கம் ஒன்றே போதும்.

ஏனெனில் கூன்முதுகு மகசீர் மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே இந்தப் பாம்பாற்றில்தான். 2007-இல் இங்கிருந்து பிடித்த மீன்களை வைத்துப் புதிய இனமாக விவரித்து, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியலாளர் கே. ரமாதேவியின் பெயரை அதற்கு இட்டார்கள். காவிரியில் ஐம்பது கிலோவுக்கும் மேல் வளர்ந்து உலகத் தூண்டில்காரர்களையெல்லாம் ஈர்த்த கூன்முதுகு மீனும் இதே இனம்தான் என்பது 2018-இல் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் ஆகிய காரணங்களோடு இன்னொன்றும் உண்டு. மகாராட்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத் துடுப்பு மகசீர் குஞ்சுகளை, மீன் வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் காவிரியில் பெருமளவில் விட்டார்கள். வந்த இனம் பெருகியது, மண்ணின் இனம் ஒடுங்கியது.

ஆகவேதான் அரசு பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது, அது எதற்குச் செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்டது. ஆறுகளில் குஞ்சு விடுவதும் அதில் ஒரு பகுதி. மீனவர் வருமானத்திற்கு அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மகசீருக்குத் தேவை மேலேறிச் செல்லத் தடையற்ற வழி, முட்டையிடக் கூழாங்கல் படுகை, உரிய பருவத்தில் உரிய அளவு நீர். குஞ்சு விட்ட எண்ணிக்கையைக் கொண்டு இவற்றை அளக்க முடியாது.

அமெரிக்காவின் மேல் கொலராடோ ஆற்றுப் படுகையில் 1988 முதல் நடந்துவரும் மீட்புத் திட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹம்ப்பேக் சப், போனிடெயில், கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர் ஆகிய நான்கு மீன்களுக்காக ஒன்றிய அரசு, மாநிலங்கள், பாசனக்காரர்கள், மின்சாரம் வாங்குவோர், சூழல் அமைப்புகள் ஆகிய அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அணை மின்சாரத்தை விற்ற வருவாயிலிருந்தே பல ஆண்டுகள் அதற்குப் பணம் வந்தது. மீன்களின் நிலை தேறிவரும் வரையில் பாசன, குடிநீர்த் திட்டங்களுக்கு அருகிய உயிரினச் சட்டத்தின் தடை வராது என்பது ஏற்பாடு. இதனால் மீனைக் காப்பது உழவரின் சொந்த நலனாகவும் ஆகிவிட்டது. ரேசர்பேக் குஞ்சுகள் பொரிந்து வரும் வேளை பார்த்து, அவை கரையோரச் சதுப்புகளுக்குள் நுழையும்படி பிளேமிங் கார்ஜ் அணையிலிருந்து நீர் திறக்கிறார்கள். ஹம்ப்பேக் சப் 2021-இல் அருகிய நிலையிலிருந்து ஒரு படி மேலேறியது. போனிடெயிலோ இன்றும் பொரிப்பகத்தை நம்பியே இருக்கிறது. இத்தனை ஆண்டுச் செலவுக்குப் பிறகும் பலன் ஒரே சீராக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நம் எல்லையில் தேவையும் வாய்ப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்திற்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 3 டிஎம்சி பாம்பாற்றுப் படுகைக்குரியது. மீதியாக இறங்கி வரும் நீர் 1957-இல் கட்டிய அமராவதி அணையில் தேங்கி எங்கள் வயல்களுக்குப் பாய்கிறது. மேலே தடுப்பு கட்டினாலும் கீழே மதகு திறந்தாலும் இரு மாநிலங்களும் மனிதரின் பங்கை மட்டுமே பேசுகின்றன. ஒவ்வொரு நீர்த் திட்டத்தின் மதிப்பீட்டிலும் மீன்வழிக்கும் கண்காணிப்புக்கும் ஒரு தொகையை இரு அரசுகளும் சேர்ந்து ஒதுக்க வேண்டும். தண்ணீரால் பிழைக்கும் எங்களைப் போன்றோரும் அதில் பங்கு தரவேண்டும். நான் தரத் தயார். சுற்றுலாக் கட்டணத்தின் மீது மட்டும் அந்தச் சுமையை வைப்பது நியாயமாகாது, அந்தத் தொகை போதவும் போதாது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் தை, மாசி மாதங்கள் நல்லவை, காலையிலேயே போய்விடுங்கள். பாறை வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம். குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மீனுக்குப் பொரியோ ரொட்டியோ போடாதீர்கள். மடுக்களைப் பார்க்க வேண்டும் என்று புறப்படும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால், அவர் அதற்கேற்ற பாதையில் அழைத்துச் செல்வார்.